கைராசியான டொக்டர் எண்டா அதை எப்பிடிப் பாக்கிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: கொழும்பில இருந்து யாழ்ப்பாணத்தில கோண்டாவிலுக்கு மாறி வந்திட்டியள், அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும், மகனுக்கு 6 வயசு, ஒழுங்கை முடக்கில ஒரு டிஸ்பென்சரி இருக்கு, பின்னேரம் நாலரைக்கே நம்பர் முடிஞ்சிடும், டொக்டர் ரெண்டு நிமிசத்தில பாத்து அனுப்பிடுறார், அயலட்டையில ஆரைக் கேட்டாலும் "கைராசியான மனிசன், ஒரு ஊசியோட காச்சல் விட்டிடும்" எண்டு சொல்லுகினம், அவர் உண்மையிலேயே நல்ல டொக்டரோ எண்டு எதை வைச்சு அறியிறது. இதுக்குள்ள ரெண்டு கேள்வி கிடக்கு எண்டு நினைக்கிறன். அவர் கெட்டிக்காரரோ எண்டது ஒண்டு, அவரிட்ட விட்டா அம்மாவும் பிள்ளையும் பத்திரமா இருப்பினமோ எண்டது மற்றது. முதலாவதுக்கு நான் பதில் சொல்ல ஏலாது, நீங்களும் வெளியில நிண்டு கண்டுபிடிக்க ஏலாது. ரெண்டாவதுக்கு உங்கட கண்ணும் காதுமே கனக்கச் சொல்லும், அதைத்தான் எழுதப்போறன்.

நான் டொக்டர் இல்லை, தாதிய உத்தியோகத்தரா 31 வருசம் வேலை செய்து ஓய்வு பெற்றனான். அதில பாதிக்காலம் மெடிக்கல் வாட், கடைசி வருசங்கள் சலரோக, பிரஷர் கிளினிக். வெளி டொக்டர்மாரிட்ட மருந்தெடுத்துச் சரிவராமல் வாற சனத்தை முதல்ல பாக்கிறது நாங்கள்தான், அவை கையில கொண்டு வாற மருந்துச் சரையையும் கடிதத்தையும் பிரிச்சுப் பாக்கிறதும் நாங்கள்தான். அதால எனக்குத் தெரிஞ்சது அந்தப் பக்கத்தால வந்த அறிவு. இதில ஒரு குறையும் இருக்கு, சுகமாகி வீட்டை போன ஆக்களை நான் காணேல்ல, பிழைச்சுப்போன கேசுகளைத்தான் கூடக் கண்டனான், அதை மனசில வைச்சுக்கொண்டு வாசியுங்கோ.

டொனபேடியன் எண்ட டொக்டர் ஒருத்தர் 1966ல எழுதினதை வைச்சுத்தான் இண்டைக்கும் வைத்திய சேவையின்ர தரத்தை அளக்கினம். இடம் எப்பிடி இருக்கு, வேலை எப்பிடி நடக்குது, கடைசியில என்ன விளைவு வந்தது எண்டு மூண்டாப் பிரிச்சவர். எங்கட சனம் பாக்கிறது மூண்டாவதை மட்டும்தான், சுகம் வந்ததோ இல்லையோ எண்டு. ஆனா ஒரு டிஸ்பென்சரியில பாக்க அதுதான் மூண்டிலயும் நம்ப ஏலாதது, ஏனெண்டா அங்க போற காச்சல், தடிமன், வயித்தோட்டத்தில பெரும்பங்கு வைரஸ், மூண்டு நாலு நாளில தானே விட்டுப்போகும். மூண்டாம் நாள் போய் ஊசி போட்டால் நாலாம் நாள் காச்சல் விடும், ஊசியால விட்டதெண்டு கோவிலடி வரைக்கும் கதை போயிடும். அப்பிடித்தான் கனபேருக்குக் கைராசிப் பேர் வாறது. எல்லாருக்கும் அப்பிடி எண்டு நான் சொல்லேல்ல.

நீங்கள் எழுதினதில என்னை அந்தரப்படுத்தினது அந்த ஊசிக்கதைதான். காச்சலுக்குப் போடுற ஊசி என்னவெண்டு நீங்கள் கேட்டு அறியோணும். டைக்ளோபெனாக் எண்டால் காச்சலும் நோவும் கெதியா இறங்கும், டெக்ஸாமெதசோன் மாதிரி ஸ்டீரொயிட் எண்டால் ஆள் எழும்பி இருந்து சோறு கேக்கும், வீட்டில எல்லாருக்கும் சந்தோசம். ஆனா அந்தக் காச்சல் டெங்கு எண்டால் டைக்ளோபெனாக்கும், இபுபுறுபினும், அஸ்பிரினும் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும், பரசிட்டமோல் மட்டும்தான் குடுக்கலாம், இது சந்தேகத்துக்கு இடமில்லாத விசயம். ஸ்டீரொயிட் டெங்குவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, உங்கட அம்மா மாதிரி சீனிக்காரருக்கு அது சீனியை ஏத்தியும் விடும். அதைவிட, டெங்குவில காச்சல் இறங்கிற நேரம்தான் ஆபத்து துவங்கிற நேரம், நாளத்துக்குள்ள இருக்கிற நீர் வெளியில கசியத் துவங்கும், அந்த நேரம் "காச்சல் விட்டிட்டுது" எண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினவையை நான் வாட்டில கண்டிருக்கிறன். யாழ்ப்பாணத்தில மாரி மழையோட, கார்த்திகையில இருந்து தை வரைக்கும், எந்தக் காச்சலையும் டெங்குவா இருக்கலாம் எண்டு நினைச்சுத்தான் பாக்கோணும்.

அப்ப மகனுக்குக் காச்சல் எண்டு போகேக்க நல்ல டொக்டர் என்ன செய்வார்? முதலாவது, பிள்ளையை நிறுப்பார். பிள்ளையளுக்குப் பரசிட்டமோல் நிறையைப் பாத்துத்தான், ஒரு கிலோவுக்கு 10 இல இருந்து 15 மில்லிகிராம், வயசைக் கேட்டுக் கண்மதிப்பில ஊத்தித் தாறதில்லை. தராசு இல்லாத அறையில பிள்ளைக்கு மருந்து அளக்கினம் எண்டால் எனக்கு அங்கயே நம்பிக்கை குறைஞ்சிடும். ரெண்டாவது, காச்சல் துவங்கி எத்தினையாம் நாள் எண்டு கேட்டு எழுதுவார், மூண்டாம் நாள் எஃப்.பி.சி எண்ட ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவார், பிறகு அந்த ரிப்போட்டைத் தானே பாப்பார், பிளேட்லெட்டை மட்டும் பாக்காமல், ரத்தம் எவ்வளவு தடிச்சிருக்கு எண்டு காட்டுற பி.சி.வி எண்ட இலக்கத்தையும் பாப்பார். மூண்டாவதுதான் எனக்குப் பெரிசு: எது நடந்தா விடியும் வரைக்கும் பாத்துக்கொண்டிராமல் வெளிக்கிடோணும் எண்டு வாய் திறந்து சொல்லுவார், வயித்து நோ, நெடுகச் சத்தி, முரசால ரத்தம், பிள்ளை சோந்து கிடக்கிறது, சலம் போறது குறையிறது. கஞ்சி, இளநி, ஜீவனி எண்ட உப்புச் சீனிக் கரைசல் குடுக்கச் சொல்லுவார், சிவப்பு நிறக் குடிபானம் குடுக்கவேண்டாம் எண்டும் சொல்லுவார், சத்தி எடுத்தா அது ரத்தமோ நிறமோ எண்டு தெரியாமல் போகும். டெங்கு எண்டு சந்தேகம் வந்தாலே தனியார் டொக்டரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்கோணும், அப்பிடி அறிவிச்சாத்தான் பி.எச்.ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கட வளவுக்கு வந்து பூச்சாடித் தட்டும் பழைய டயரும் பாப்பார். அயலில டெங்கு வந்த வீட்டுக்கு பி.எச்.ஐ வந்தவரோ எண்டு கேட்டுப் பாருங்கோ, அதிலயும் கொஞ்சம் விளங்கும்.

இன்னொண்டு. 2024 மார்கழியில வடமராட்சிப் பக்கம் எலிக்காச்சல் வந்து ஆக்கள் செத்ததை நீங்கள் கொழும்பில இருந்து செய்தியில பாத்திருப்பியள். வெள்ளத்துக்குப் பிறகு வயலுக்க இறங்கினவை, எலிச் சலம் கலந்த தண்ணி காலில காயத்தால உள்ள போகும், காச்சல், கெண்டைக்கால் உழைவு, கண் சிவக்கிறது, பிறகு சிறுநீரகமும் சுவாசப்பையும் அடிபடும், நேரத்துக்கு அன்ரிபயோட்டிக் துவங்கினால் காப்பாத்தலாம். அதைப் பிடிக்கிறதுக்குப் பெரிய மெசின் ஒண்டும் வேணாம், "வயலுக்க இறங்கினனீங்களோ, வெள்ளத்துக்க நடந்தனீங்களோ?" எண்டு ஒரு கேள்வி காணும். இந்தச் சீசனில காச்சலோட வாற ஆளிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கிறவர் தான் இருக்கிற ஊரைத் தெரிஞ்ச டொக்டர். கேக்காமல் குளிசை கட்டிக் குடுக்கிறவர் எத்தினை பட்டம் வைச்சிருந்தும் பிரயோசனமில்லை.

குளிசை கட்டிறது எண்டு சொன்னன். இதில கொஞ்சம் நிண்டு சொல்லோணும், ஏனெண்டா இஞ்ச நடக்கிற பிழையளில எனக்கு ஆகலும் கோவம் வாறது இதிலதான். டிஸ்பென்சரியில மருந்தும் அவையே தாறவை, சின்னக் கடதாசிச் சரையில போட்டு, மேல "காலை 1, இரவு 1" எண்டு மட்டும் எழுதி, பேர் இல்லை, மில்லிகிராம் இல்லை. ஏன் எண்டு கேட்டா "சனத்துக்குப் பேர் தெரிஞ்சு என்ன, பிறகு தாங்களே கடையில வாங்கிக் குடிக்குங்கள்" எண்டுவினம். ஒருக்கா ஒரு ஐயா, எழுபது கடந்தவர், உடம்பு முழுக்கத் தடிச்சு, மூச்சு இழுத்துக்கொண்டு வந்தவர். அவருக்கு முந்தியே ஒரு மருந்து ஒத்துவராமல் தடிச்சது, அது என்ன மருந்து எண்டு அவருக்குத் தெரியாது, சரையில பேர் இல்லை. பிறகு வேற இடத்தில தொண்டை நோவுக்குப் போன நேரம் "ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதோ?" எண்டு கேட்டிருக்கினம், ஐயாவும் "ஒண்டு இருக்கு, பேர் தெரியாது" எண்டு சொல்லியிருக்கிறார், அங்க அமொக்ஸிசிலின் எண்ட அன்ரிபயோட்டிக்கைக் குடுத்திட்டினம். தப்பினது அவற்ற பேரன் மோட்டச்சைக்கிளில அரை மணித்தியாலத்துக்குள்ள கொண்டு வந்ததால. இன்னொரு விதமும் நடக்கும், சரைக்குள்ள இருக்கிறது பரசிட்டமோல் எண்டு தெரியாமல் வீட்டிலயும் பெனடோல் ரெண்டு ரெண்டாப் போடுறது, பெனடோலும் பரசிட்டமோல்தான். வளந்த ஆளுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போகக்கூடாது, ரெண்டு பக்கத்தாலயும் போட்டால் பன்னிரண்டு பதினாறு எண்டு போகும், ஈரல்தான் அடிபடும். ஆனபடியால் பேர் கேளுங்கோ. "டொக்டர், அம்மாவுக்குக் கிளினிக்கிலயும் மருந்து இருக்கு, மாறிப்போகாமல் இருக்க இதின்ர பேரை எழுதித் தாறியளோ?" எண்டு மரியாதையாக் கேட்டா எழுதித் தாறவர் நல்லவர். கோவிக்கிறவரிட்ட திருப்பிப் போறதைப் பற்றி நான் உங்கட இடத்தில இருந்தா யோசிப்பன்.

அம்மான்ர விசயம் வேற மாதிரி. காச்சலில டொக்டரைப் பாக்க ஒரு கிழமை காணும், சீனியில ஒரு வருசம் வேணும். ஒவ்வொரு மாசமும் விரலில குத்தி இலக்கத்தைச் சொல்லி அதே குளிசையைத் தாறது பராமரிப்பு இல்லை. கடந்த ரெண்டு மூண்டு மாசச் சீனியின்ர சராசரியைக் காட்டுற எச்.பி.ஏ.1.சி எண்ட ரெஸ்ட் மூண்டு தொடக்கம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா, சிறுநீரகத்தை அறியச் சலத்தில அல்புமினும் ரத்தத்தில கிரியட்டினினும் வருசத்துக்கு ஒருக்கா, கண்ணின்ர பின்பக்கம் வருசத்துக்கு ஒருக்கா, கால் குறைஞ்சது வருசத்துக்கு ஒருக்கா. இதில ஒண்டும் சந்தேகமான விசயம் இல்லை, எந்த நாட்டு வழிகாட்டியை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதுதான் இருக்கும். டொக்டர் அம்மான்ர செருப்பைக் கழட்டச் சொல்லிப் பாதத்தைப் பாத்தவரோ எண்டு பாருங்கோ, அது ஒண்டு காணும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் முடிய எங்கட கிளினிக்கில கால் காயங்கள் வரிசையா வரும், உணர்ச்சி இல்லாத பாதத்தோட வெறுங்காலில சுடுமணலில நடந்து, கொப்புளம் போட்டது தெரியாமல், சீழ் வைச்ச பிறகு வருவினம், விரல் எடுக்க வேண்டி வந்ததும் உண்டு. "கொடியேறப் போகுது, வெய்யில் ஏற முதல் போய் வாங்கோ, வந்த உடன காலைப் பாருங்கோ" எண்டு ஆடியிலயே சொல்லி விடுற டொக்டர்மாரும் எங்கட ஊரில இருக்கினம். அதே மாதிரித்தான் கந்தசஷ்டி. ஆறு நாள் உபவாசம் பிடிச்சுக்கொண்டு கிளிக்கிளசைட் எண்ட சீனிக் குளிசையையும் வழமை மாதிரிப் போட்டால் சீனி விழுந்து ஆள் மயங்கும், மற்றச் சீனிக் குளிசையான மெட்போமின் மட்டும் எண்டால் அப்பிடி விழுறது குறைவு. விரதத்தைப் பற்றிக் கேட்டு, அதுக்கேத்த மாதிரி மருந்தை மாத்தித் தாற டொக்டர் அம்மாவை ஆளாத் தெரிஞ்சு வைச்சிருக்கிறார், விரதம் பிடிக்க வேண்டாம் எண்டு ஏசுறவரிட்ட அம்மா ஒளிச்சுப் பிடிப்பா, அது இன்னும் ஆபத்து.

பிரஷர் பாக்கிறதையும் கவனியுங்கோ. வெய்யிலுக்க நடந்து வந்த உடன, சீலைச் சட்டைக்கு மேலால பட்டியைச் சுத்தி, கதைச்சுக்கொண்டு பாத்தால் வாற இலக்கத்துக்கு அர்த்தமில்லை. அஞ்சு நிமிசம் இருக்க விட்டு, முதுகு சாத்தி, கையை நெஞ்சு மட்டத்தில வைச்சு, வெறுங்கையில பாக்கோணும். சனம் கூட எண்டதால அந்த அஞ்சு நிமிசம் வெளி வாங்கிலயே போயிடும் எண்டால் அதுவும் சரிதான்.

அப்ப ரெண்டு நிமிசம்? இதில நான் உறுதியா ஒண்டும் சொல்ல மாட்டன். 67 நாட்டுத் தகவலை வைச்சு 2017ல வந்த ஒரு ஆய்வில, டொக்டர் ஒரு ஆளோட செலவழிக்கிற சராசரி நேரம் பங்களாதேசில 48 செக்கனும் சுவீடனில 22 நிமிசத்துக்கு மேலயும் எண்டு இருக்கு, அதால ரெண்டு நிமிசம் எண்டது எங்கட பக்கத்தில ஒரு அதிசயமும் இல்லை. கனபேர் பகல் முழுக்க அரசாங்க ஆஸ்பத்திரியில நிண்டிட்டுப் பின்னேரம்தான் டிஸ்பென்சரியைத் திறக்கிறவை, களைச்சுத்தான் வருவினம். பழைய தடிமனுக்கு ரெண்டு நிமிசம் காணும். ஆனா புது ஆள், அல்லது புது நோ, அல்லது ரெண்டாந்தரம் சுகம் வராமல் வாற ஆள் எண்டால் ரெண்டு நிமிசம் காணாது. நேரத்தை நீட்டத் தெரிஞ்சவரோ எண்டதைப் பாருங்கோ, எல்லாருக்கும் ஒரே ரெண்டு நிமிசம் எண்டால்தான் யோசிக்கோணும். சனம் கூட வாறது, காசு கூட வாங்குறது, பேருக்குப் பின்னால கனக்க எழுத்து இருக்கிறது, சிரிச்சுக் கதைக்கிறது, இதுகள் ஒண்டையும் வைச்சுத் தரத்தை முடிவெடுக்க ஏலாது. முசுப்பாத்தியாக் கதைச்சு மோசமா மருந்து குடுத்தவையையும் கண்டிருக்கிறன், முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு அருமையா வைத்தியம் பாத்தவையையும் கண்டிருக்கிறன். ஒண்டு மட்டும் சொல்லலாம், ஒரே டொக்டரிட்டயே நெடுகப் போய் வாற ஆக்களில இறப்பு குறைவு எண்டு பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கு. அதுதான் காரணமோ, இல்லாட்டி ஒழுங்கா இருக்கிற ஆக்கள்தான் ஒரே இடத்துக்குப் போகினமோ எண்டது இன்னும் தீராத கேள்வி. அதால அயலட்டை இருபது வருசமா அவரிட்டப் போகுது எண்டதை நான் பகிடியா எடுக்க மாட்டன்.

அன்ரிபயோட்டிக் பற்றிச் சுருக்கமா: தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் அது வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் தருகினம் எண்டால் நல்லதில்லை. ஆனா இதில பிழை சனத்திலயும் இருக்கு, "ஒண்டும் தரேல்ல, சும்மா பெனடோலைத் தந்து அனுப்பிட்டார்" எண்டு அடுத்த டொக்டரிட்டப் போறது நாங்கள்தானே. வெறும் பெனடோலோட அனுப்பத் துணியிற டொக்டரை நான் மதிப்பன்.

இடத்தைப் பற்றிச் சொல்லக் கனக்க இல்லை. மேற்கத்தைய வைத்தியம் பாக்கிறவர் இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சிருக்கோணும், பேரையோ பதிவு இலக்கத்தையோ வைச்சுச் சபையின்ர இணையத்தளத்திலயே பாக்கலாம், பாக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை. சித்த வைத்தியருக்குப் பதிவு வேற, ஆயுர்வேத மருத்துவ சபையில. டிஸ்பென்சரியும் 2006ம் ஆண்டின் 21ம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனமாப் பதியோணும், அந்தச் சான்றிதழை வருசா வருசம் புதுப்பிக்கோணும், சுவரில நடப்பு வருசம் இருக்கோ எண்டு பாருங்கோ. ஊசி உங்களுக்கு முன்னால உறை பிரிக்கோணும், பாவிச்ச ஊசி மூடின பெட்டிக்க போகோணும், சீனி பாக்கக் குத்திற ஊசியும் ஆளுக்கு ஒண்டு புதுசு. ரெண்டு ஆளுக்கிடையில கை கழுவுறாரோ. இன்சுலின் வைக்கிற பிரிட்ஜுக்க சோடாப் போத்தில் நிண்டால் எனக்குப் பிடிக்காது, அதைத் திறந்து திறந்து பூட்டினால் 2 இல இருந்து 8 பாகைக்க நிக்காது.

விளங்கப்படுத்திறதைப் பற்றியும் ஒரு சொல். "உங்களுக்கு உது விளங்காது" எண்டு சொல்லுற டொக்டர்மார் இருக்கினம். இஞ்ச பக்கத்தில மானிப்பாயில சாமுவேல் கிறீன் எண்ட அமெரிக்க மிசனறி டொக்டர் 1848ல இருந்து வைத்தியம் படிப்பிச்சவர், பிறகு தமிழிலயே படிப்பிச்சு, வைத்தியப் புத்தகங்களைத் தமிழில கொண்டு வந்தவர். அந்த மண்ணில நிண்டு கொண்டு, அம்மாவுக்கு அவவின்ர வருத்தத்தைத் தமிழில விளங்கப்படுத்த ஏலாது எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. வெளியில வந்தாப்பிறகு அம்மாட்டக் கேளுங்கோ, "டொக்டர் என்ன வருத்தம் எண்டு சொன்னவர், எப்ப திருப்பி வரச் சொன்னவர்?" எண்டு. அவவால ரெண்டு வசனத்தில சொல்ல ஏலுமெண்டால் டொக்டர் தன்ர வேலையைச் செய்திட்டார்.

வாட்டில நிக்கேக்க நாங்கள் ஒரு டொக்டரை எடை போட்டது அவர் எழுதி விட்ட கடிதத்தை வைச்சுத்தான். சில கடிதத்தில "பிளீஸ் அட்மிட்" எண்டு ரெண்டு சொல்லும் ஒரு கிறுக்கலும் இருக்கும். இன்னும் சிலதில காச்சல் துவங்கின நாள், குடுத்த மருந்து, கடைசியாச் சலம் போன நேரம், பிரஷர், தனக்கு என்ன சந்தேகம் எண்டு எல்லாம் நாலு வரியில இருக்கும். ஒரு கிராமத்து டொக்டர் இருந்தவர், கட்டடம் பழசு, வாங்கு ரெண்டுதான், அவற்ற கடிதத்தோட வாற ஆளுக்கு நாங்கள் கேள்வி கேட்டு நேரம் போக்கிறதில்லை, நேரா சேலைன் ஏத்தத் துவங்கலாம். "எனக்கு இது பிடிபடேல்ல, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" எண்டு சொல்ல அவர் ஒருநாளும் வெக்கப்பட்டதில்லை. ஒரு டொக்டர் சரியாத்தான் வருத்தத்தைக் கண்டுபிடிக்கிறாரோ எண்டு நீங்களும் நானும் வெளியில நிண்டு அறிய ஏலாது, ஆனா தான் பிழைச்சால் என்ன நடக்கோணும் எண்டு யோசிச்சு வைச்சிருக்கிறாரோ எண்டதை அறியலாம்.

உங்கட டொக்டரை நான் கண்டதில்லை, அதால அவர் நல்லவர், கூடாதவர் எண்டு எழுத மாட்டன். வருத்தம் இல்லாத ஒரு நாளில அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, பிள்ளை. செவ்வாய், வெள்ளி கோவில் நாளில வாங்கில சனம் குறைவா இருந்தால் அண்டைக்குப் போங்கோ. கிளினிக் கொப்பி, வீட்டில இருக்கிற அவ்வளவு குளிசையும், சித்த மருந்து சூரணம் ஏதும் எடுக்கிறா எண்டால் அதையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போய் மேசையில வையுங்கோ. அவர் அந்தப் பையைப் பிரிச்சு ஒவ்வொண்டா எடுத்துப் பாக்கிறாரோ, இல்லாட்டி ஒதுக்கி வைச்சிட்டுப் புதுசா எழுதுறாரோ எண்டு பாருங்கோ. இடையில வேற டொக்டரிட்ட மாறினால் கோவிப்பாரோ எண்டும் கேட்டிருந்தனீங்கள். கோவிச்சாலும் பரவாயில்லை, மாறுறதெண்டால் அவர் தந்து கொண்டிருந்த மருந்தின்ர பேரையும் அளவையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு மாறுங்கோ, அம்மான்ர பிரஷர்க் குளிசையை மட்டும் ஒரு நாளும் இடையில விட்டிடாதையுங்கோ.